லண்டனிலிருந்து பாரிஸுக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

கேள்வி இதுதான்: லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து அம்மாவையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாரிஸில் லாச்சப்பல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். தூரம் பார்த்தால் ஓர் இடத்தில் 344 கிலோமீட்டர், இன்னோர் இடத்தில் 348, வேறோர் இடத்தில் 308, ரயிலுக்கு 492 என்று போட்டிருக்கிறது. விமான டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம், ரயிலுக்கு 2 மணி 16 நிமிடம். அப்படியானால் விமானம்தானே சீக்கிரம்?

முதலில் நேரான பதில். ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 348 கிலோமீட்டர். விமானம் ஆகாயத்தில் இருப்பது பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம். டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 25 நிமிடம் வரை இருக்கும். ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து லாச்சப்பல் வரை என்று பார்த்தால் விமானத்தில் ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். ரயிலில் நாலரை மணி நேரம். உங்கள் பயணத்துக்கு ரயில்தான் சீக்கிரம். ஏன் இப்படி என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாரிஸில் வேறு இடத்துக்குப் போகிறவருக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும்.

நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரியானவைதான், அளந்த இடங்கள்தான் வேறு. 344 என்பது லண்டன் நகர மையத்துக்கும் பாரிஸ் நகர மையத்துக்கும் இடையிலான நேர்கோடு. இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். லண்டன் வடக்கே 51.51 பாகை, பாரிஸ் 48.86 பாகை. வித்தியாசம் 2.65 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் தெற்கே சுமார் 295 கிலோமீட்டர் இறங்க வேண்டும். கிழக்கு மேற்கில் வித்தியாசம் 2.48 பாகை. இவ்வளவு வடக்கே வரும்போது தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் ஒரு பாகைக்கு 71 கிலோமீட்டர்தான். ஆக கிழக்கே சுமார் 176. இரண்டையும் வைத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டால் 344 பக்கத்தில் வந்து நிற்கும். தூரம் பெரிதாக இருந்தால் பூமியின் வளைவைச் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும், ஆனால் இவ்வளவு சின்ன தூரத்துக்கு இதுவே போதும். 348 என்பது ஹீத்ரோவுக்கும் சார்ல்ஸ் து கோலுக்கும் இடையிலானது. விமானக்காரர்கள் இதையே 188 கடல் மைல் என்பார்கள். 308 என்பது கேட்விக்கிலிருந்து அளந்தது; கேட்விக் லண்டனுக்குத் தெற்கே இருப்பதால் பாரிஸுக்குக் கொஞ்சம் கிட்டே. 492 என்பது தண்டவாளத்தின் நீளம்.

இந்த நேர்கோட்டுத் தூரத்துக்குச் சட்டத்திலும் வேலை இருக்கிறது. விமானம் தாமதமானால் நஷ்ட ஈடு கொடுக்கும் ஐரோப்பிய விதி 2004-இல் வந்தது; தூரத்தைப் பெருவட்ட முறையில், அதாவது பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோட்டில் அளக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் விமான நிறுவனத்தின் தவறால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் ஆளுக்கு 250 யூரோ. பிரிட்டன் பிரிந்த பிறகு அங்கே அதே விதி 220 பவுண்டு என்று இருக்கிறது. லண்டன் - பாரிஸ் இந்த மிகக் குறைந்த தூரப் படியில்தான் வரும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். ஏ320 மாதிரி ஒரு விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். அதே வேகத்தில் முழுத் தூரத்தையும் கடந்தால் 25 நிமிடத்தில் பாரிஸ் வந்துவிட வேண்டும். ஆனால் இந்தப் பாதையில் அந்த வேகத்தைப் பிடிக்கவே நேரமில்லை. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேக வரம்பு, அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர். ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். நீண்ட பயணத்தில் 11 கிலோமீட்டர் உயரம் போகும் விமானம் இங்கே ஏழெட்டு கிலோமீட்டர் உயரத்தோடு நிறுத்திக்கொள்வது சகஜம்.

அடுத்தது, விமானம் நேர்கோட்டில் போவதில்லை. ஹீத்ரோவின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. தென் இங்கிலாந்தில் மேற்குக் காற்றுதான் அதிகம்; விமானம் எதிர்க்காற்றில்தான் கிளம்பும். ஆகவே தென்கிழக்கே இருக்கும் பாரிஸுக்குப் போக வேண்டிய விமானம், பெரும்பாலான நாட்களில் மேற்கே வின்சர் பக்கமாகக் கிளம்பி, இடப்பக்கம் வளைந்து, அப்புறம்தான் கடற்கரையை நோக்கித் திரும்புகிறது. பாரிஸிலும் இதே கதைதான். சார்ல்ஸ் து கோலின் நான்கு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்குதான். மேற்குக் காற்று வீசும் நாளில் வடமேற்கிலிருந்து வரும் விமானம் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், திரும்பி மேற்குப் பார்த்து இறங்க வேண்டும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்: ஓடுபாதை கீழே ஒரு பக்கமாகக் கடந்து போகும், பத்து நிமிடம் கழித்து மறுபடி கண்முன் வரும். இப்படிச் சுற்றி முடிக்கும்போது 348 கிலோமீட்டர் 400-ஐத் தாண்டிவிடும். பாரிஸிலிருந்து திரும்பும்போது இன்னொன்று சேரும். ஹீத்ரோவில் இறங்க வரிசை நீண்டால் பிகின், ஆக்கம், லாம்போர்ன், போவிங்டன் என்ற நான்கு இடங்களில் ஒன்றில் விமானங்களை அடுக்கடுக்காக வட்டமிட வைப்பார்கள். அதில் பத்து நிமிடம் போவது புதிதில்லை.

மிச்சமிருக்கும் அரை மணி நேரம் தரையில் போகிறது. டிக்கெட்டில் இருக்கும் நேரம், கதவை அடைத்து விமானம் பின்னால் தள்ளப்படும் நிமிடத்திலிருந்து பாரிஸில் வாசலில் வந்து நிற்கும் நிமிடம் வரைக்குமானது. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும், சார்ல்ஸ் து கோலில் இறங்கிய பிறகு முனையம் வரை ஊர்வதும் அதில் அடக்கம். 348 கிலோமீட்டரை 80 நிமிடத்தால் வகுத்தால் சராசரி மணிக்கு 260 கிலோமீட்டர். ரயில் 492 கிலோமீட்டரை 2 மணி 16 நிமிடத்தில் முடிக்கிறது, அது சராசரி 217. சொல்லப்போனால் விமானத்துக்கும் ரயிலுக்கும் இந்தப் பாதையில் வேக வித்தியாசம் இவ்வளவுதான். இந்தச் சின்ன வித்தியாசத்தை விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே இழந்துவிடுகிறோம்.

ஒரு சுவையான விஷயம். உலகின் முதல் அன்றாட சர்வதேச விமான சேவை தொடங்கியது இதே பாதையில்தான், 1919 ஆகஸ்ட் 25 அன்று. இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலிருக்கும் ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து பாரிஸ் லெ பூர்ஜேவுக்கு, ஒரு டிஎச்4ஏ விமானம் ஒரேயொரு பயணியோடும் கொஞ்சம் சரக்கோடும் போனது. எடுத்த நேரம் இரண்டரை மணி வாக்கில். இன்று கடலுக்கு அடியில் போகும் ரயில் அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேருகிறது.

டிக்கெட்டைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். இரண்டு நாடுகளும் மார்ச்சிலும் அக்டோபரிலும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதால், இந்த ஒரு மணி நேரம் ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். காலை 10:00-க்கு லண்டனில் ஏறினால் டிக்கெட்டில் 12:20-க்கு பாரிஸ் என்று இருக்கும். பயணம் 1 மணி 20 நிமிடம்தான். மாலை 6:00-க்கு பாரிஸில் ஏறினால் 6:20-க்கு லண்டன் என்று காட்டும். இருபதே நிமிடம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாண முகூர்த்தம் காலையில் என்றால் போகும் வழியில் இந்த ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள். அதை மறந்துவிட்டு அன்று காலையே கிளம்பலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறைய.

சரி, உங்கள் வீட்டிலிருந்து கணக்குப் போடுவோம். முதலில் விமானம். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, ஒயிட்சேப்பலில் எலிசபெத் லைனுக்கு மாறினால் ஹீத்ரோவுக்கு ஒரு மணி பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள், பெட்டிகள், அம்மா என்று போகும்போது கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருப்பது நல்லது. மிகவும் இழுத்துப் பிடித்தால் ஒன்றே முக்கால். விமானம் 1 மணி 20 நிமிடம். பாரிஸில் இறங்கி நடந்து, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டி எடுக்க முக்கால் மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேல். அங்கிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோர் என்ற ரயில் நிலையத்துக்கு வர அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ரயிலுக்குக் காத்திருப்பதும் டிக்கெட் எடுப்பதும் தனி. கூட்டினால் ஐந்தே முக்கால், ஆறு மணி நேரம்.

இனி ரயில். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் எங்கேயும் மாறாமல் நேராக, பாரிஸ் ரயில் கிளம்பும் கிங்ஸ் க்ராஸ் செயின்ட் பான்க்ராஸ் போகிறது. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். சாதாரண டிக்கெட்டுக்கு ரயில் புறப்பட 30 நிமிடத்துக்கு முன் கதவை மூடிவிடுவார்கள், பிறகு கெஞ்சினாலும் விடமாட்டார்கள். ரயில் 2 மணி 16 முதல் 2 மணி 25 நிமிடம் வரை. இறங்கும் இடம் கார் து நோர். அதன் பக்கவாட்டில் போகும் ஃபோபூர் சாந்தனி தெருவில் நடந்தால் பத்து நிமிடத்துக்குள் லாச்சப்பல் தமிழ்க் கடைகள் வந்துவிடும். மொத்தம் நாலரை மணி நேரம்.

இந்த நாலரைக்குப் பின்னால் ஒரு முக்கியமான ஏற்பாடு இருக்கிறது. யூரோஸ்டாரில், அதாவது இந்தப் பாரிஸ் ரயிலில், போகும்போது பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையை லண்டனிலேயே, செயின்ட் பான்க்ராஸில் முடித்துவிடுவார்கள். பாரிஸில் இறங்கினால் நேராக நடைமேடையிலிருந்து தெருவுக்கு நடக்க வேண்டியதுதான். திரும்பும்போதும் அப்படியே, பிரிட்டிஷ் சோதனை கார் து நோரிலேயே முடிந்துவிடும். வயதான அம்மாவை இரண்டு தடவை நீண்ட வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கணக்கில் ஒரு மணி நேரத்தைவிடப் பெரிய லாபம். ஒன்று மட்டும் கவனம்: 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களின் விரல் ரேகையையும் படத்தையும் எல்லையில் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. விமானத்தில் போனால் இந்த வரிசை இறங்கிய பிறகு. ரயிலில் போனால் ஏறுவதற்கு முன்பு. அதனால் ரயிலுக்குத் தாமதமாகப் போகவே கூடாது. விடுமுறை நாளில் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயத்திலும் ரயில்தான் கல்யாணக்காரர்களுக்கு வசதி. சாதாரண டிக்கெட்டிலேயே ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. எடை பார்ப்பதில்லை, நீங்கள் தூக்க முடிந்தால் சரி. 100 மில்லி திரவக் கட்டுப்பாடும் கிடையாது. பட்டுப்புடவைகளோடு தாம்பாளத் தட்டும் சேர்ந்தால் மலிவு விமான டிக்கெட்டில் பெட்டிக்கே டிக்கெட் விலை வந்துவிடும். ஆனால் இறைச்சி, பால் சார்ந்த பொருட்களை பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, தயிர் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருகிறவர்களின் இறைச்சி, பால் பொருட்களைத் தடுத்துவிட்டது. திரும்பும்போது சீஸ் வாங்கி வருவதும் நடக்காது.

கட்டணம்தான் ரயிலின் பலவீனம். இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கினால் ஒரு வழிக்கு 50 பவுண்டு சுற்றுவட்டத்தில் கிடைக்கும். கடைசி வாரத்தில் 200 பவுண்டைத் தாண்டும். விமானத்திலும் விலை ஏறும்தான், ஆனால் கடைசி நேரத்தில் பெரும்பாலும் விமானமே மலிவாக இருக்கும். அப்போதுகூட பெட்டிக் கட்டணம், ஹீத்ரோ அல்லது லூட்டன் வரை போகும் செலவு, பாரிஸில் விமான நிலைய ரயில் டிக்கெட் (2025-இல் ஆளுக்கு 13 யூரோ) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டாக்சி என்றால் சார்ல்ஸ் து கோலிலிருந்து சேன் நதியின் வலது கரைக்கு நிர்ணயித்த கட்டணம் அதே ஆண்டில் 56 யூரோ. கார் து நோரும் லாச்சப்பலும் வலது கரைதான். நாலு பேருக்கு இது மோசமில்லை.

சரி, விமானம் எப்போது நல்லது? கல்யாண மண்டபம் லாச்சப்பலில் இல்லாமல் புறநகரில் இருந்தால். பாரிஸ் தமிழர்களில் நிறையப் பேர் இருப்பது வடக்கு, வடகிழக்குப் புறநகர்களில்: லா கூர்னெவ், பொபினி, திரான்சி, ஓல்னே. பெரிய மண்டபங்களும் அந்தப் பக்கமே அதிகம். ஓல்னேவும் திரான்சியும் ஆர்இஆர் பி பாதையில், விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கின்றன. உறவுக்காரர் ருவாசி என்று சொன்னால் அதுவும் சார்ல்ஸ் து கோல்தான், குழம்ப வேண்டாம். ஓல்னேவில் இருக்கும் மாமா காரில் வந்து ஏற்றிக்கொண்டால் கால் மணி, இருபது நிமிடத்தில் வீடு. கூடவே நீங்கள் ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ், சவுத்தால் மாதிரி ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் இருப்பவராக இருந்தால் விமானம் ரயிலோடு சமமாக வரும், சில நாட்களில் முந்தியும் விடும். ஹாரோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மெட்ரோபாலிடன் லைன் நேராகக் கிங்ஸ் க்ராஸ் போகிறது, டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைன், அவர்களுக்கு ரயில்தான்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ லண்டன் வழியாகப் பாரிஸுக்கு ஒரே டிக்கெட்டில் வருகிறவர்களுக்கும் விமானம்தான் சரி. ஏற்கெனவே விமான நிலையத்துக்குள்ளே இருக்கிறார்கள், பெட்டியும் நேராகப் போய்விடும். ஈஸ்ட் ஹாம்காரர்களுக்கு லண்டன் சிட்டி விமான நிலையம் பஸ்ஸில் போகும் தூரம். உங்கள் தேதியில் அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இருந்தால் முன்பக்கத்தில் ஒரு மணி நேரம் மிச்சம். பாரிஸில் ஓர்லி விமான நிலையத்தில் இறங்கும் டிக்கெட் கிடைத்தால் அதையும் ஒதுக்க வேண்டாம். அது நகரத்தின் தெற்கே இருக்கிறது, 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 அங்கே வரை வருகிறது.

பஸ்ஸும் காரும் பற்றிச் சுருக்கமாக. லண்டன் விக்டோரியாவிலிருந்து பாரிஸ் பெர்சிக்குப் பஸ் 8 முதல் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல். மலிவு, இளைஞர்களுக்குச் சரி, அம்மாவோடு வேண்டாம். கார் என்றால் ஃபோக்ஸ்டனிலிருந்து காரோடு ரயிலில் ஏறி 35 நிமிடத்தில் கலே பக்கம் இறங்கலாம். வாசலிலிருந்து வாசல் ஆறு மணி நேரம் வாக்கில், பிரான்ஸில் சுங்கச் சாலைக் கட்டணம் தனி. ஐந்து பேர், நிறையச் சாமான், போகும் இடம் புறநகர் என்றால் காரில் போவதுதான் மொத்தச் செலவில் குறைவாக வரும். லாச்சப்பல் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் தேடுவது மட்டும் பெரும்பாடு, அதிலும் ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் வரும் ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கவே வேண்டாம்.

டிக்கெட் வாங்கும் முன் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் கொடுத்து 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அம்மா இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருந்தால், பிரிட்டனில் நிரந்தரமாக இருக்கும் அனுமதி இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். கோடைக்காலத்தில் அதற்கு விண்ணப்பிக்க நேரம் கிடைப்பதே சிரமம். ஆகவே முதலில் விசா நேரத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் ரயில் டிக்கெட் வாங்குங்கள். பாரிஸ் உறவுக்காரர்கள் பதிலுக்கு லண்டன் வருவதாக இருந்தால், பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி தேவை. அதைப் போனிலேயே எடுத்துவிடலாம் என்று அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.